பள்ளியின் மாணவர் ஆதரவுத் திட்டம் பலன் தருகிறதா? மதிப்பிடும் முறை, படிப்படியாக

சீண்டலை (சக மாணவரைத் தொடர்ந்து கேலி செய்வது, மிரட்டுவது) தடுக்கும் வகுப்புகள், போதைப் பழக்கத் தடுப்பு, கோபத்தைக் கையாளும் பயிற்சி, ஆற்றுப்படுத்துநரோடு (கவுன்சலர்) சந்திப்பு, படிப்பை நிறுத்திவிடக்கூடிய மாணவர்களுக்குத் தனிக் கவனிப்பு. இவற்றில் ஏதோ ஒன்று உங்கள் பள்ளியில் நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது. இதனால் பயன் உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. நீங்கள் தலைமையாசிரியராகவோ ஆற்றுப்படுத்துநராகவோ தொண்டு நிறுவன ஊழியராகவோ இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில் தொடங்குகிறார்கள். திட்டம் முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுப்பவர்கள் ஒரு வகை. முதல் நாளே கேள்விகள் எழுத உட்காருபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டாம் வகையினரிடம் எதற்கென்று தெரியாமலே கேள்விகள் பெருகிவிடுகின்றன. படிவம் என்பது நான்காவது படி. அதற்கு முந்தைய மூன்றில்தான் மதிப்பீடு உருப்படுமா என்பது முடிவாகிறது.

## தொடங்கும் முன் வேண்டியவை

திட்டத்தின் முதல் வகுப்புக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பாக வேலையைத் தொடங்குங்கள். அனுமதி, பெற்றோர் ஒப்புதல், முதல் அளவீடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

- மாணவர் பட்டியல், கடந்த இரண்டு ஆண்டு வருகைப் பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடு.
- திட்டத்தை நடத்தாத ஒருவர். தகவல் திரட்டுவது அவர் பொறுப்பு. வகுப்பு எடுத்தவரே படிவத்தையும் வாங்கினால், மாணவர்கள் அவர் மனம் கோணாதபடிதான் எழுதுவார்கள்.
- பள்ளி நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி. முடிவு எதுவாக இருந்தாலும் அதை மறைக்க மாட்டோம் என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

## 1. திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

யாருக்கு, எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், யார் நடத்துகிறார். அதன் கீழே, இதைச் செய்தால் மாணவரிடம் முதலில் எது மாறும், அது மாறினால் பிறகு எது மாறும் என்று சங்கிலியாக எழுதுங்கள்.

சீண்டல் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்கும் மாணவர்கள் தலையிடக் கற்கிறார்கள், சீண்டுபவருக்குக் கிடைக்கும் கைதட்டல் குறைகிறது, சீண்டல் குறைகிறது, பாதிக்கப்பட்டவர் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறார். நான்கு கண்ணிகள். எங்கே அறுந்தாலும் கடைசிப் பலன் வராது. எங்கே அறுந்தது என்று பின்னால் சொல்ல வேண்டுமானால் இப்போதே எழுதி வைத்தாக வேண்டும்.

திட்டம் யாரை நோக்கியது என்பதையும் குறியுங்கள். எல்லா மாணவர்களுக்குமா, ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கா, சிக்கல் ஏற்கெனவே தெரியத் தொடங்கியவர்களுக்கா? எல்லோருக்குமான திட்டத்தில் பெரும்பாலானவர்கள் முதலிலிருந்தே நன்றாக இருப்பார்கள். அவர்களிடம் குறைய வேண்டியது அதிகம் இல்லாததால் சராசரி மாற்றம் சிறிதாகத்தான் தெரியும். இதை முன்கூட்டி உணராதவர்கள் நல்ல திட்டத்தைக்கூடத் தோல்வி என்று எழுதிவிடுகிறார்கள்.

## 2. கேள்வியைச் சுருக்கி, முடிவோடு கட்டுங்கள்

"திட்டம் எப்படி இருக்கிறது?" என்பதை அளக்க முடியாது. "இந்த ஆண்டு திட்டத்தில் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவர்களின் வராத நாட்கள், சேராத பிரிவுகளோடு ஒப்பிட்டால், ஆண்டு இறுதியில் குறைந்தனவா?" என்பதை அளக்கலாம்.

முதன்மைக் கேள்வி ஒன்றே ஒன்று. துணைக் கேள்விகள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. இருபது விஷயங்களை அளந்தால் அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வெற்றி என்று அறிவிக்கும் ஆசை எவருக்கும் வரும்.

இன்னொரு காகிதத்தில், எந்த முடிவு வந்தால் திட்டத்தைத் தொடர்வோம், எது வந்தால் மாற்றுவோம், எது வந்தால் நிறுத்துவோம் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எந்த முடிவு வந்தாலும் எதுவும் மாறாது என்றால் மாணவர்களின் நேரத்தை எடுக்காதீர்கள்.

## 3. யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். முன்பு இப்படி இருந்தது, இப்போது இப்படி இருக்கிறது, ஆகவே திட்டம் வேலை செய்கிறது என்ற வாதம் மூன்று காரணங்களால் நிற்காது.

ஒன்று, குழந்தைகள் வளர்கிறார்கள். ஆறு மாதத்தில் சில பழக்கங்கள் தானாகக் குறையும், சில தானாகக் கூடும். போதைப் பொருளைத் தொட்டுப் பார்ப்பது வயதோடு கூடுவது. தடுப்புத் திட்டத்துக்குப் பிறகும் அது கூடியிருக்கலாம், ஆனால் திட்டம் இல்லாதிருந்தால் இன்னும் கூடியிருக்கலாம். முன்-பின் கணக்கு மட்டும் வைத்திருப்பவரால் இதைச் சொல்லவே முடியாது.

இரண்டு, மோசமான நேரத்தில் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு மாதம் அதிக நாள் வராத மாணவர்களைப் பொறுக்கி எடுத்து அடுத்த மாதம் அளந்தால், எதுவும் செய்யாமலே பலர் தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருப்பார்கள். உச்சத்தில் பிடித்தால் அடுத்த அளவு பெரும்பாலும் கீழேதான் இருக்கும். தனிக் கவனிப்புத் திட்டங்களின் பெரிய வெற்றிக் கதைகள் பலவற்றில் இந்தத் திரும்புதலும் கலந்திருக்கிறது.

மூன்று, பள்ளி அப்படியே நிற்பதில்லை. புதிய தலைமையாசிரியர், தேர்வுக் காலம், நோய்ப் பரவல் எல்லாமே எண்களை அசைக்கும்.

பயன் பெற்றவர்களின் வாக்குமூலமும் ஒப்பீட்டுக்கு ஈடாகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வில் 506 சிறுவர்கள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டார்கள். இணையில் ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் வழிகாட்டலும் உதவியும் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்து 1978-இல் வெளியிட்ட முடிவு இது: உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். ஆனால் மீண்டும் மீண்டும் குற்றம், குடிநோய் போன்ற பல அளவுகளில் அவர்கள் நிலைதான் மோசமாக இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அது வெற்றிகரமான திட்டம் என்றே பதிவாகியிருக்கும்.

செய்யக்கூடிய ஒப்பீடுகள், வலுவானதிலிருந்து தொடங்கி:

குலுக்கல். எந்தப் பிரிவுக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மாணவரை அல்ல, வகுப்பையோ பள்ளியையோ குலுக்குவது நல்லது. ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குச் சொன்னது மறுபாதிக்கும் மதிய இடைவேளையில் போய்ச் சேர்ந்துவிடும்.

காத்திருப்பு வரிசை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தர ஆளோ பணமோ பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தப் பருவம் பாதிப் பிரிவுகள், அடுத்த பருவம் மீதி. காத்திருப்பவர்களே ஒப்பீட்டுக் குழு. "ஒரு குழந்தைக்குக் கொடுத்து இன்னொன்றுக்கு மறுப்பதா?" என்ற நியாயமான தயக்கத்துக்கும் இது விடை. உடனடி ஆபத்தில் உள்ள மாணவரை மட்டும் எந்த வரிசையிலும் காக்க வைக்கக் கூடாது.

ஒத்த பள்ளி. அளவு, வருகை, பகுதி ஆகியவற்றில் ஒத்த இன்னொரு பள்ளியில் அதே அளவீடுகளை அதே வாரத்தில் எடுங்கள்.

பழைய ஆண்டுகளின் போக்கு. வேறு வழியே இல்லாதபோது. ஓர் ஆண்டு போதாது. குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளின் மாதாந்திர எண்கள் வேண்டும்.

விருப்பத்தின் பேரில் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிடுவதைத் தவிருங்கள். சேரும் ஊக்கம் உள்ளவரும் கையெழுத்திட நேரம் ஒதுக்கும் பெற்றோரும் ஏற்கெனவே வேறு நிலையில் இருக்கிறார்கள்.

## 4. எதை அளப்பது

திருப்தி, அறிவு, எண்ணம், நடத்தை: இவை நான்கும் வேறு வேறு. ஒன்று மாறியதால் அடுத்ததும் மாறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கப் பள்ளிகளில் காவல் துறையினர் நடத்திய 'டேர்' போதைத் தடுப்புத் திட்டம் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மிகவும் பிடித்திருந்தது. அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1994-இல் வெளியான பகுப்பாய்வில், போதைப் பொருள் பற்றிய அறிவு கூடியது தெரிந்தது. பயன்பாட்டில் ஏறக்குறைய மாற்றமே இல்லை.

முதலில் ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் பாருங்கள். வருகைப் பதிவேடு இலவசம், முகதாட்சண்யம் பார்க்காதது, எல்லா மாணவரையும் உள்ளடக்கியது. பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராதவர் யார் என்று எண்ணுவது பல இடங்களில் வழக்கத்தில் உள்ள எளிய அளவு. ஒழுங்கு நடவடிக்கைப் பதிவை எச்சரிக்கையோடு கையாளுங்கள். புது ஆசிரியர் கண்டிப்பானவராக இருந்தால் மாணவர் மாறாமலே அந்த எண் ஏறும்.

சீண்டல் புகார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நல்ல திட்டத்தின் முதல் சில மாதங்களில் புகார் கூடலாம். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வந்ததன் அடையாளமாக அது இருக்கக்கூடும். ஆகவே புகார் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். கடந்த மாதத்தில் எத்தனை முறை நடந்தது என்று பெயர் கேட்காத படிவத்தில் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் படம் தெளியும்.

படிவம் வேண்டுமென்றால் நீங்களே எழுதாமல், சோதித்துப் பார்த்த ஒன்றை எடுங்கள். ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட, குழந்தைகளின் பலங்களையும் சிக்கல்களையும் கேட்கும் எஸ்.டி.கியூ. (Strengths and Difficulties Questionnaire) படிவத்தில் 25 வாக்கியங்கள் இருக்கின்றன. உணர்ச்சிச் சிக்கல், நடத்தை, துறுதுறுப்பு, நட்பு, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பிரிவுகள். தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. வாக்கியங்களைத் திருத்தக் கூடாது. திருத்தினால் பிறர் எடுத்த எண்களோடு ஒப்பிட முடியாது, காப்புரிமை விதிகளுக்கும் அது முரண். புதியவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. அதன் வழக்கமான வடிவம் கடந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. திட்டம் தொடங்கி மூன்றாம் மாதத்தில் அதையே கொடுத்தால், திட்டத்துக்கு முந்தைய நாட்களையும் சேர்த்து மாணவர் பதில் சொல்வார். பின் அளவீட்டுக்கு, கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும் தொடர்வடிவம் தனியாக இருக்கிறது.

"என் கோபத்தை நன்றாகக் கட்டுப்படுத்துகிறேன்" போன்ற சுயமதிப்பெண் கேள்விகளில் இன்னொரு வலை இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு கோபம் என்றால் என்ன என்று மாணவருக்கு நன்றாகப் புரிந்திருக்கும். அதனால் தன்னையே கடுமையாக மதிப்பிட்டு, முன்பைவிடக் குறைந்த மதிப்பெண் போட்டுக்கொள்ளக்கூடும். எனவே எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள்: கடந்த ஏழு நாளில் எத்தனை முறை கை ஓங்கினாய்?

தீங்குக்கும் ஓர் அளவு சேருங்கள். நடத்தைச் சிக்கல் உள்ள பதின்ம வயதினரை ஒரே குழுவாக உட்கார வைத்த சில திட்டங்களில், ஒருவரைப் பார்த்து மற்றவர் கெட்டதைக் கற்று நிலை மோசமானதை 1999-இல் தாமஸ் டிஷியனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். சிறைக்கு அழைத்துப் போய்ப் பயமுறுத்தும் திட்டங்களை ஆராய்ந்த தொகுப்புகளிலும், சென்று வந்தவர்களிடம் குற்றம் கூடியே காணப்பட்டது. நல்ல எண்ணத்தோடு செய்வது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

## 5. ஒப்புதல், ரகசியம், அவசர வழி

பெற்றோர் ஒப்புதலும் மாணவரின் சம்மதமும் இரண்டும் வேண்டும். பெற்றோர் சரி என்ற பிறகும் மாணவர் மறுக்கலாம், பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம். இதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முன்-பின் படிவங்களை இணைக்கப் பெயர் வேண்டாம். மாணவர் தானே உருவாக்கும் குறியீடு போதும்: தாயின் பெயரில் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள், தன் பெயரின் கடைசி எழுத்து என்பது போல. மாறாத விவரங்களாக இருக்கட்டும். பிடித்த நிறத்தைக் கேட்டால் ஆறு மாதத்தில் மாறிவிடும், படிவங்கள் இணையாது.

தற்கொலை எண்ணம், வீட்டில் வன்முறை, பாலியல் அத்துமீறல் பற்றிக் கேட்பதானால் பெயரில்லா படிவம் பொருந்தாது. உதவி தேவைப்படும் குழந்தையை உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். ரகசியமான, ஆனால் அடையாளம் காணக்கூடிய முறை வேண்டும். அன்றே படிவங்களைப் படிக்கும் ஒருவர், அன்றே குழந்தையைச் சந்திக்கும் பயிற்சி பெற்ற ஒருவர், அடுத்து யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு மூன்றும் தயாராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள். எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாது என்பதையும் மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## 6. தொடக்க அளவீடு

முதல் அமர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள், இரண்டு குழுக்களிலும் ஒரே நாட்களில். முதல் அமர்வின் தொடக்கத்தில் கொடுக்கலாமே என்பார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு அப்படி ஒரு அமர்வே இல்லை, சூழல் வேறாகிவிடும்.

வகுப்பாசிரியர் அறையில் நடமாடக் கூடாது. மாணவர்களை இடைவெளி விட்டு உட்கார வையுங்கள். வாசிப்பில் தடுமாறும் மாணவர்கள் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படியுங்கள். தடுமாறுபவரை மட்டும் தனியாக அழைத்தால் அது அவருக்குக் கூச்சம்.

அன்று வராதவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒரு வாரத்துக்குள் இன்னொரு நாள் வைத்தே ஆக வேண்டும். வராத மாணவர்கள்தான் பெரும்பாலும் திட்டம் யாருக்காக வந்ததோ அவர்கள்.

## 7. நடந்தது என்ன என்று பதியுங்கள்

பலன் இல்லை என்று வந்தால் அடுத்த கேள்வி, திட்டம் சரியில்லையா அல்லது திட்டம் நடக்கவே இல்லையா என்பது. பத்து அமர்வில் ஆறுதான் நடந்தது, அதிலும் இரண்டு தேர்வுத் தயாரிப்புக்குப் போனது என்றால் நீங்கள் அளந்தது அந்தத் திட்டத்தை அல்ல.

ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு சிறு தாள்: தேதி, எத்தனை நிமிடம், யார் வந்தார்கள், திட்டமிட்டதில் எது விடுபட்டது. மாதம் ஒருமுறை வேறொருவர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும். ஒப்பீட்டுப் பள்ளியிலும் இந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். அங்கேயும் யாராவது இதே போன்ற வகுப்பு நடத்திக்கொண்டிருக்கலாம்.

யார் நடத்துகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பீகார் அரசுப் பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான சேஹர் ஆய்வு நல்ல சான்று. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில், தொழில்முறை ஆலோசகர் அல்லாத, இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழலும் மாணவர் மனநிலையும் தெளிவாக மேம்பட்டன, சீண்டலும் குறைந்தது. ஆசிரியர் நடத்தியவற்றில் பலன் தெரியவில்லை. உங்கள் அறிக்கையில் திட்டத்தின் பெயரோடு நடத்தியவர் யார் என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும்.

## 8. பின் அளவீடு: எப்போது, எத்தனை முறை

திட்டம் முடிந்த மறுநாள் அளப்பது மிகச் சுலபம், அதனாலேயே எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அன்று தெரிவது புதிதாகக் கேட்ட சொற்களின் நினைவு. தடுப்புத் திட்டத்தின் பலன், ஒன்று நடக்காமல் போவது. அது தெரிய நாளாகும்.

ஐரோப்பாவில் 10 நாடுகளின் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களோடு நடந்த செய்லி ஆய்வு (2015-இல் வெளியானது) மூன்று வகைத் தற்கொலைத் தடுப்பு முறைகளைச் சோதித்தது. மூன்றாம் மாதத்தில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பன்னிரண்டாம் மாதத்தில், மாணவர்களோடு நேரடியாகப் பேசி நடித்துக் கற்பித்த முறையில் தற்கொலை முயற்சிகள் குறைந்திருந்தன. மூன்று மாதத்தோடு மூட்டை கட்டியிருந்தால் அந்தத் திட்டம் பயனற்றது என்று போயிருக்கும்.

திட்டம் முடிந்ததும் ஒன்று, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து ஒன்று என்று வையுங்கள். இரண்டாவதற்கு ஆளும் நேரமும் இப்போதே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்டின் ஒரே பருவத்தில் அளப்பது முக்கியம். தேர்வுக்கு முந்தைய வாரத்தையும் விடுமுறை முடிந்த வாரத்தையும் ஒப்பிட்டால் தேர்வுப் பயத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

## 9. கணக்கு

மென்பொருள் தேவையில்லை, விரிதாள் போதும். முதல் கணக்கு: எத்தனை பேரிடம் தொடங்கினோம், எத்தனை பேர் கடைசிவரை கிடைத்தார்கள், விடுபட்டவர்கள் தொடக்கத்தில் எப்படி இருந்தார்கள். மோசமான நிலையில் இருந்தவர்கள் பள்ளியை விட்டுப் போயிருந்தால் மீதிப் பேரின் சராசரி தானே அழகாகிவிடும்.

அடுத்து, மாற்றங்களின் வேறுபாடு. திட்டப் பிரிவுகளில் மாதத்துக்கு வராத நாட்களின் சராசரி 3.2-இலிருந்து 2.4 ஆனது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 0.8. ஒப்பீட்டுப் பிரிவுகளில் 3.1-இலிருந்து 2.7, குறைந்தது 0.4. திட்டத்தின் பங்காகச் சொல்லக்கூடியது 0.4 நாள் மட்டுமே. 0.8 என்று எழுதுவது பொய்.

அமர்வுகளுக்கு ஒழுங்காக வந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிடாதீர்கள். திட்டத்தில் வைக்கப்பட்ட எல்லோரையும் சேருங்கள். ஒழுங்காக வருபவர் எங்கேயும் ஒழுங்காகவே இருப்பார்.

எண்ணிக்கை மயக்கும். ஒரே வகுப்பு மாணவர்கள் ஒரே ஆசிரியர், ஒரே சூழலால் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். 40 பேர் கொண்ட 10 வகுப்புகள், அதாவது 400 மாணவர்கள். ஒரே வகுப்பு மாணவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை 0 (ஒற்றுமையே இல்லை) முதல் 1 (எல்லோரும் ஒன்றுபோல்) வரை காட்டும் அளவு 0.05 என்றால், எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண் 1 + 39 × 0.05 = 2.95. அந்த 400 பேர் தரும் தகவல் ஒன்றோடொன்று தொடர்பில்லாத சுமார் 136 பேர் தரும் தகவலுக்குச் சமம். வகுப்புக்கு மாணவர்களைக் கூட்டுவதைவிட வகுப்புகளைக் கூட்டுங்கள். இரண்டே வகுப்புகளை ஒப்பிட்டால் ஆசிரியர் வேறுபாட்டையும் திட்டத்தின் பலனையும் பிரிக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது.

கடைசியில் ஐந்தாறு மாணவர்களோடும் இரண்டு ஆசிரியர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். எண்கள் எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பிரிட்டனில் 8,000-க்கும் அதிகமான மாணவர்களோடு 85 பள்ளிகளில் நடந்து 2022-இல் வெளியான மிரியட் ஆய்வில், வகுப்பில் கற்பித்த மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) வழக்கமான பாடத்தைவிட மேலாக இல்லை. பெரும்பாலான மாணவர்கள் அதை வீட்டில் செய்து பார்க்கவே இல்லை என்பதும் சேர்ந்து தெரிந்ததால், அடுத்து எதைச் சோதிப்பது என்று சிந்திக்க வழி கிடைத்தது.

## 10. அறிக்கையும் அடுத்த வேலையும்

இரண்டு பக்கம் போதும். படி 2-இல் கையெழுத்திட்ட காகிதத்தை முதல் பக்கத்திலேயே இணையுங்கள். அதன் கீழே முதன்மைக் கேள்விக்கான பதில். "பலன் தெரிந்தது", "திட்டம் முழுதாக நடந்தும் பலன் தெரியவில்லை", "சொல்லும் அளவுக்குத் தகவல் இல்லை" என்ற மூன்றில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள். மூன்றாவதை இரண்டாவதாக எழுதிவிடும் பழக்கம் அதிகம், அதனால் நல்ல திட்டங்கள் மூடப்படுகின்றன. தகவல் போதாது என்றால், திட்டத்தை இன்னும் ஒரு ஆண்டு கூடுதல் வகுப்புகளோடு நடத்தி மீண்டும் அளக்கக் கேளுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் எண்களைத் தனியாக வெளியிடாதீர்கள். "ஒன்பதாம் வகுப்பில் மூன்று மாணவிகள்" என்று எழுதினால் பள்ளியில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். அறிக்கை நன்கொடையாளருக்குப் போகும் முன் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் போகட்டும். எண்களை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர்கள்தான் சொல்வார்கள்.

பலன் தெரிந்திருந்தால் காத்திருந்த பிரிவுகளுக்கு வாக்களித்த பருவத்தில் திட்டத்தைத் தொடங்குங்கள், தீங்கு தெரிந்திருந்தால் நிறுத்தி அதன் காரணத்தை அவர்களுக்கும் சொல்லுங்கள். இரண்டாவது பின் அளவீடு முடிந்ததும், அடையாளம் காட்டும் படிவங்களையும் குறியீட்டுப் பட்டியலையும் அனுமதிக் கடிதத்தில் சொன்ன தேதியில் அழித்து, அழித்ததைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.